கசிகிறது என்று எழுதினேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முட்டிவலி குறைந்ததா? தூத்துக்குடியில் நான் நலம்.

போனில் சொன்னால் பதறுவீர்கள் என்று எழுதுகிறேன். நான் வேலை பார்க்கும் ரசாயனக் கிடங்கில் ஓர் அமிலக் குழாய் சொட்டியது. நான் எழுதும் பழுதுப் பதிவேட்டில் 'கசிகிறது' என்று எழுதினேன். பக்திப் பாட்டில் உள்ளம் கசியுமே, அந்த அழகான சொல். மூன்று நாள் எவரும் எட்டிப் பார்க்கவில்லை.

நான்காம் நாள், அந்தக் குழாயடியில் நின்று வேலை பார்க்கும் மகாராஜா அண்ணாச்சி, அமிலம் பட்டுப் பொத்தலான சட்டைக் கையைக் காட்டினார். "ஏளா, மனசு கசிஞ்சா சாமி வரும். குழா கசியுதுன்னா ஃபிட்டர் வருவானா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. 'ஒழுகுகிறது. தொழிலாளியின் சட்டை பொத்தலானது. அடுத்து கைதான்' என்று எழுதினேன். மேனேஜர் மாற்றச் சொன்னார், மறுத்தேன். மெதுவான சொல் கிடைத்தால் இவர்கள் மெதுவாகத்தான் வருவார்கள். மாலைக்குள் புதுக் குழாய் வந்தது. அண்ணாச்சி கையில் ஒரு கீறலும் இல்லை, என் வேலையும் போகவில்லை. இனி குழாயடியில் நிற்கிறவர்களைக் கேட்டுத்தான் பதிவேட்டை எழுதுவேன்.

ஹாஸ்டல் போர்வை உறுத்துகிறது. உங்கள் பழைய நூல் சேலை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், கட்டியிருந்தபடியே அனுப்புங்கள். ஷிப்ட் பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
பூவிழி