ட்ரெயினிங் எனக்காம்!

அன்பு மக ப்ரான்வினுக்கு,

அப்பா எழுதுறேன். நான், உன் பொண்ணு எடி, நாய் மூணு பேரும் சௌக்கியம், அதுல சொன்ன பேச்சு கேக்கிறது நாய் மட்டுந்தான். நீ அந்தச் செம்மண் சுரங்கத்துல வீடு ஒசரத்துக்கு லாரி ஓட்டுறியே, வேளைக்குச் சாப்பிடுறியா?

போன மாசம் எடியக் குழந்தைங்க டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனப்ப கூப்பிடாமலே உன் மெர்ல் அத்தையும் வண்டில ஏறிக்கிட்டா. கவனம் ஒரு எடத்துல நிக்காத ஏடிஹெச்டிதான்னு டாக்டரம்மா சொன்னதும், இனிப்ப நிறுத்துனா சரியாயிடும்னு ஆரம்பிச்சா. நிறுத்துங்க, பல்லுக்கு நல்லது, ஆனா இது அதுல போகாதுன்னாங்க. மெர்ல ஒருத்தர் மடக்கி நான் பாத்ததே இல்ல, டாக்டருக்குக் குடுத்த காசு அதுக்கே சரியாப் போச்சு போ. அப்புறம், மொதல்ல ட்ரெயினிங் பாக்கலாம்னாங்க. நான் நெஞ்ச நிமித்தி, கவலையே வேணாம், இந்த வட்டாரத்துல ஆடு மேய்க்கிற நாய்ல பாதி நான் பழக்கினது, ஒரு பொண்ணு என்ன பெரிசுன்னேன். ட்ரெயினிங் அவளுக்கில்ல, உங்களுக்குன்னுட்டாங்க. எடி நாற்காலில இருந்து உருண்டு விழுந்து சிரிச்சா பாரு!

அன்னிலருந்து வகுப்புக்குப் போறேன், அங்க மீசை நரைச்ச மாணவன் நான் ஒருத்தன்தான். ஒரு நேரத்துல ஒரு வேலைதான் சொல்லணுமாம், செஞ்சா ஒடனே பாராட்டணுமாம். நாய்க்கு நான் அப்படித்தானடி செய்றேன், இவளுக்கு மட்டும் ஷூவப் போடு பையை எடு கேட்டச் சாத்துன்னு ஒரே மூச்சுல! இப்ப கேட்டச் சாத்துன்னு மட்டும் சொல்றேன், சாத்துறா, ஆடுங்க ரோட்டுக்குப் போறதில்ல. ஆனா ஸ்கூல்ல, முன் வரிசைல ஒக்கார வச்சும், பாடத்துல கவனம் நிக்காத அதே கதைதான்.

அதான் இந்தச் செவ்வா மறுபடி டாக்டரம்மாகிட்டப் போனோம். வகுப்போட சின்ன அளவுல மாத்திரையும் குடுத்துப் பாக்கலாம், பசி தூக்கம் கொறையலாம், எடையப் பாத்துக்கிட்டே இருப்போம், ஒத்துக்கலைன்னா நிறுத்திடலாம்னாங்க. மாத்திரைன்னா புள்ள கல்லு மாதிரி ஆயிடுவாளோன்னு நீ முன்னாடியே போன்ல அழுததையும் சொன்னேன். அந்தப் பயம் நியாயந்தான், அம்மா சம்மதிக்காம மருந்து எழுத மாட்டேன்னவங்க, எடிகிட்டத் திரும்பி உனக்கு எது சரியாகணும்னு கேட்டாங்க. மார்க்குன்னு மெர்ல் முந்திக்கிட்டா. எடி சொன்னா, நெட்பால் ஆடறப்ப பாதில எங்கயோ பாத்துட்டு நின்னுடறேன், யாரும் சேத்துக்கறதில்ல, பொறந்தநாளுக்கும் கூப்பிடறதில்லன்னு.

திரும்பி வர்றப்ப வண்டில கேட்டா, மாத்திரை சாப்பிட்டு என் சிரிப்பு போயிட்டா நீ கண்டுபிடிச்சுச் சொல்லுவியா தாத்தான்னு. அதுதாம்மா என் வேலைன்னு சொல்லிட்டேன். தெனம் காலைல என் ஜோக்குலயே மட்டமானது ஒண்ணு சொல்லுவேன், அவ தலைல அடிச்சுக்கிட்டுச் சிரிக்கிற வரைக்கும் மாத்திரை ஓடட்டும், சிரிக்காத அன்னிக்கு டாக்டரம்மாவுக்கு மொத போன் என்னுது.

முடிவு உன்னுதுதான், வேணாம்னாலும் நான் கோவிக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை டாக்டரம்மா உன் போனுக்குக் காத்திருப்பாங்க, மறந்துடாத, உனக்குச் சொன்ன வேலை இது ஒண்ணே ஒண்ணுதான். செஞ்சா பாராட்டுவேன்.

நல்லாயிருடி தங்கம்.

உன் அப்பா,
கிளாரி (ட்ரெயினிங்ல இருக்கேன்)