மேற்கு அறைக்குப் போட்ட பலகை

இயேசு மரி சூசை துணை

கருங்கல்
1932 மார்ச் 6

அன்புள்ள மகன் ததேயுசுக்கு உன் அம்மா எழுதுவது.

நான் நடமாட்டமாக இருக்கிறேன். நீயும் மருமகள் லீமாவும் தேயிலைத் தோட்டத்தில் சுகமாயிருக்க தினமும் செபமாலை சொல்லுகிறேன். லீமாவுக்கு இது ஆறாம் மாதம் என்பதை மறக்கவில்லை.

போன கடிதத்தில் லீமாவின் பிரசவத்துக்கான மேற்கு அறை வேலை முடிந்தது, சுவர் முட்டை ஓடு போல இருக்கிறது என்று எழுதினேன். அந்தக் கடிதம் தபாலில் போன நாலாம் நாள் வானம் மூடியது. மழை பெய்யவில்லை. ஆனாலும் சுவர் வியர்த்தது. கையை வைத்தால் ஈரம், நாக்கில் வைத்தால் உப்பு. ஒரு வாரத்தில் பூச்சு பொரிந்து உதிர்ந்தது. உன்னிடம் பொய் நிற்கக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

தப்பு என்னுடையது. தேயிலை விலை விழுந்து உன் சம்பளத்தைக் குறைத்த பிறகும் நீ அறுபது ரூபாய் அனுப்பினாய். இதற்கு மேல் முடியாது, அறை உலராவிட்டால் லீமா தோட்டத்திலேயே பிள்ளை பெறட்டும் என்று எழுதினாய். உங்கள் மூத்த குழந்தை அந்தத் தோட்டத்துக் குளிரில் மார்ச்சளி கண்டு இறந்துபோனதை நினைத்து, அறுபதுக்குள் எல்லாவற்றையும் முடிக்கப் பார்த்தேன். ஓடு மாற்றியதிலேயே பாதிக்கு மேல் போயிற்று. குழித்துறை ஆற்று மணலுக்கு வண்டிக் கூலியே ஒரு பாடு காசு. இனயத்திலிருந்து மீன் கொண்டுவரும் மரியான் கடல் மணலைக் கால் விலைக்குத் தந்தான். வாங்கிவிட்டேன்.

கொத்தனார் ராஜையன் அன்றைக்கே சொன்னான்: "அம்மா, கடமண்ணு உப்பு கக்கும் கேட்டியளா. பொறவு என்னைக் குத்தம் சொல்லப்பிடாது."

நான் படித்த மடத்துப் பள்ளிக்கூடத்தின் சுவர்கள் கடல் மணலில் பூசியவை, நாற்பது வருஷமாக நிற்கின்றன, நீ எனக்குப் படிப்பிக்காதே என்று அவன் வாயை அடைத்தேன். பூச்சு உதிர்ந்த பிறகு வந்து பார்த்தவன் தலையைச் சொறிந்துகொண்டு, "எங்க அப்பனாக்கும் அந்த மடத்துச் சொவரு பூசினது. மண்ண ரெண்டு மழக்காலம் முத்தத்தில போட்டு உப்பு போக நனச்ச பொறவாக்கும் பூசினது" என்றான். இதை முதலிலேயே சொல்வதற்கென்ன என்று கேட்டேன். "நீங்க என்னைப் பேச விட்டியளா?" என்றான்.

நாலு சுவரையும் சுரண்டிக் கழுவினோம். மூன்று சுவர் பூச்சில்லாமல் வெறும் கல்லாக நிற்கிறது. பார்க்க நன்றாயில்லை, ஆனால் காய்ந்துவிட்டது. மழை அடிக்கிற மேற்குச் சுவர்தான் கவலை. திரும்பப் பூசக் கையில் காசில்லை. யாரிடமும் கேட்கப் போகவில்லை.

உன் அப்பா பழைய அயனி மரத்தை அறுத்தபோது இரண்டு சவப்பெட்டிக்குப் பலகை எடுத்து மச்சில் அடுக்கியது உனக்கு ஞாபகமிருக்கும். ஒன்றில் அவர் போனார். மற்றது எனக்கென்று பதினோரு வருஷமாகக் கிடந்தது. அதை இறக்கச் சொன்னேன். தச்சன் சூசை அதைத் தொட மாட்டேன் என்று நின்றான். "பெட்டிப் பலகைய சொவத்துல அடிச்சிட்டா ஒங்களுக்கு எதும்மா? இன்னும் நூறு வருசம் இருக்கப் போறியளா?" என்று கேட்டான். நீ சுவரை அள, என் ஆயுசை அளக்காதே என்றேன். சிரித்துக்கொண்டே அறுப்பு வாளை எடுத்தான். சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளிச் சட்டம் அடித்து, அதன்மேல் பலகையைப் போட்டான். கட்டில் போடுகிற இடத்துக்கு அளந்து வைத்தது போலப் போதுமாயிருந்தது.

இந்த முறை என் வார்த்தையை நம்பி நீ முடிவு செய்ய வேண்டாம் என்று ஒன்று செய்தேன். ஒரு சிரட்டை உப்பைத் திறந்தபடி அந்தப் பலகையின் கீழே வைத்தேன். நடுவில் இரண்டு நாள் நல்ல மழை பெய்தது. பத்து நாள் கழித்தும் உப்பு ஈரமேறாமல் மணல் போலப் பொலபொலவென்று இருந்தது. ராஜையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் விரலால் கிளறிப் பார்த்து, இனி ஆளை வரச் சொல்லலாம் என்றான். ஒரு வாரமாக நானும் அங்கேதான் படுக்கிறேன். கால் வீக்கம் மாலையில் கூடுகிறது. கோயில் ஏற்றத்தில் இரண்டு இடத்தில் நிற்கிறேன். வயதானால் இப்படித்தான்.

பலகைக்காக நீ சங்கடப்படாதே. கோயிலில் எல்லாரையும் கல்லறைவரை சுமந்துவிட்டுத் திரும்புகிற பொதுப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதில் போவது குறைச்சல் என்று ஒரு காலத்தில் நானே பேசியிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாமியாரிடம் எனக்கும் அதுவே போதும் என்று சொல்லிவிட்டேன்.

லீமாவுக்குத் தாயில்லை. பிள்ளை பெறுகிற நேரத்தில் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை வேண்டும். வைகாசி நடுவில் இடவப்பாதி மழை தொடங்கினால் வழியெல்லாம் வெள்ளம். ஆகையால் உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் தலைமன்னாரில் கப்பலேறிக் கூட்டி வா. உனக்கு லீவு கிடைக்காவிட்டால் நல்ல துணையோடு அனுப்பு. வந்தால் பிள்ளை பிறக்கிற வரை அவளைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெம்பு இருக்கிறது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று மட்டும் எழுதாதே, மகனே.

இந்தக் கடிதம் வந்த அன்றைக்கு ராத்திரி, லீமா படுக்குமுன் அவள் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை அடையாளம் போடு. அடுத்ததை நானே போடுகிறேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா