பழி வாங்கினால் சர்க்கரை இறங்குமா

ஆகஸ்ட் 7, புதன்

காலைச் சர்க்கரை 131. குத்தும்போது சிட்டு வழக்கம்போல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஏழு வயதில் வந்த நீரிழிவு, இப்போது பதினொன்று. அவள் பழகிவிட்டாள். எனக்குத்தான் இன்னும் கை கூசுகிறது.

அலுவலகத்தில் நாள் முழுக்க போனில் அடுத்தவர் புகார். ஃபிரிட்ஜ் குளிரவில்லை, வாஷிங் மெஷின் சுற்றவில்லை. நான் போய்க் கெடுத்துவிட்டு வந்த மாதிரி கத்துகிறார்கள்.

ஆகஸ்ட் 8, வியாழன்

எழுத்து கோணுகிறது. பரவாயில்லை.

சிட்டு மைதானத்தில் மயங்கி விழுந்துவிட்டாள். ஓட்டப் பயிற்சியின் நடுவில் தலை சுற்றியிருக்கிறது. விளையாட்டு டீச்சரிடம் போய், "மிஸ், சர்க்கரை இறங்குது, பிஸ்கட் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். "ரவுண்ட முடிச்சிட்டுப் போ" என்றாளாம் அந்த மகராசி. முடிக்கவில்லை. மீட்டரில் 38.

டாக்டரம்மா சொன்னார்: "சமயத்துல கொண்டு வந்துட்டாங்க. இல்லேன்னா..." அதோடு நிறுத்திக்கொண்டார்.

விடமாட்டேன். அவள விடவே மாட்டேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மன்னிப்புக் கேட்க வந்தாள், ஒரு பை நிறையப் பழத்தோடு. சர்க்கரை வியாதிப் பிள்ளைக்கு மாம்பழமும் திராட்சையும். பையை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். கதவை மெதுவாகத்தான் சாத்தினேன். அறைந்து சாத்தினால் கோபம் தீர்ந்துவிடும்.

"தெரியாம செஞ்சிருப்பாங்க, விடேன்" என்கிறார் இவர். இவருக்கு எல்லாவற்றையும் விட்டுத்தான் பழக்கம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

கத்துகிற வாடிக்கையாளரை நாங்கள் நாலு இனிப்பான வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவோம். கத்தாமல், தேதி, நேரம், சாட்சி எல்லாம் வைத்து, "இதற்கு எழுத்தில் பதில் வேண்டும்" என்று முடிப்பவரைக் கண்டால்தான் மேலாளருக்கு வியர்க்கும். அப்படித்தான் எழுதினேன். தலைமையாசிரியருக்கு, நிர்வாகத்துக்கு, அப்புறம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு. கோபம் தெரிகிற சொல் ஒன்றுகூட இல்லை. இத்தனை ஆசையாக நான் இவருக்குக்கூடக் கடிதம் எழுதியதில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

போய்விட்டாள். ராஜினாமா என்கிறார்கள். எப்படிப்பட்ட ராஜினாமா என்று எனக்குத் தெரியாதா?

சிட்டுவிடம் சொன்னேன். "தெரியும்" என்றாள், தட்டைப் பார்த்தபடியே. அம்மா தனக்காக என்ன செய்திருக்கிறாள் என்பது இந்த வயதில் எங்கே புரியும். எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. இன்று நன்றாகத் தூங்குவேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

மத்தியானம் பள்ளியில் அவளே குத்திப் பார்த்து, வருகிற எண்ணுக்குத் தக்கபடி ஊசி போட்டுக்கொள்கிறாள். மாலையில் மீட்டரை வாங்கிப் பழைய எண்களை நான் பார்ப்பேன். இந்த வாரம் 112, 108, 119, 104. இப்படி ஒரு வரிசை இதுவரை வந்ததே இல்லை.

பழி வாங்கினால் சர்க்கரை இறங்குமா? இறங்குகிறதே.

அக்டோபர் 14, திங்கள்

மத்தியானம் தங்கமாக இருப்பது வீட்டுக்கு வரும்போது ஏன் 280, 300 என்று எகிறுகிறது? யாரோ எதையோ கொடுக்கிறார்கள். பள்ளி கேன்டீன்காரனாகத்தான் இருக்கும். நேரில் போய்க் கேட்டேன். "அக்கா, பாப்பா எங்கிட்ட தண்ணி பாட்டில்கூட வாங்கினதில்ல" என்றான். எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள். எழுதிப் போட்டேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

கேன்டீனை மூடிவிட்டார்கள். விசாரணையாம். மாலைச் சர்க்கரை 294.

நவம்பர் 5, செவ்வாய்

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை. டாக்டரம்மா காகிதத்தையும் மீட்டரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "மத்தியானம் இவ்வளவு நல்லா இருக்கிற பிள்ளைக்கு இது இவ்வளவு வராதே. இப்படியே போனா சின்ன வயசுலயே கண்ணு, கிட்னி எல்லாம் அடிவாங்கும்மா."

மீட்டர்தான் பழுது என்றேன். அந்தக் கம்பெனியை எப்படி நாறடிப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். சிட்டு பேருந்து ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

நவம்பர் 7, வியாழன்

சிட்டுவின் பக்கத்து இருக்கைத் தோழி ஒருத்தி, பெரிய வட்டக் கண்ணாடி போட்டிருப்பாள். எங்கள் வீட்டில் அவள் பெயரே கண்ணாடிதான். அவளுடைய அம்மா போன் செய்தார். "எம் பொண்ணு விரலெல்லாம் புள்ளி புள்ளியா இருக்குங்க. கேட்டா, உங்க பொண்ணோட மெஷினுக்கு ரத்தம் குடுத்தேங்கறா. இதென்னங்க விளையாட்டு?"

அந்த 112, 108 எல்லாம் கண்ணாடியின் ரத்தம். தன் சர்க்கரை எவ்வளவு என்றே தெரியாமல், அவளுடைய எண்ணைப் பார்த்து ஊசியைக் குறைத்துப் போட்டிருக்கிறாள் இவள். இரண்டு மாதமாக.

எனக்கு முதலில் என்ன வந்தது? பயமா? இல்லை. அந்தக் கண்ணாடியை ஒரு கை பார்க்கவேண்டும் என்றுதான் வந்தது. "யாரு இதச் சொல்லிக் குடுத்தா? அவதானே?" என்று கேட்டும்விட்டேன்.

"பாத்தியா, இதுக்குத்தான்" என்றாள் சிட்டு. "நம்பர் சரியில்லேன்னா யாருன்னு கேப்ப. சொன்னா அவங்க அப்புறம் இருக்கமாட்டாங்க. மிஸ் போனப்புறம் ஓட்டமே இல்ல. டீம்ல ஒருத்தரும் எங்கூடப் பேசறதில்ல. கேன்டீன் அண்ணன் ஒண்ணுமே பண்ணல, அவரும் போயிட்டாரு. எனக்குக் கண்ணாடி மட்டும்தாம்மா மிச்சம்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன்.

நவம்பர் 8, வெள்ளி

கேன்டீன்காரன்மேல் கொடுத்த புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். வீடு தேடிப் போய் மன்னிப்பும் கேட்டேன். அவன் உள்ளே கூப்பிடவில்லை.

அந்த டீச்சரிடம் போகமாட்டேன். 38-ஐ மறக்க நான் தெய்வம் இல்லை. ஆனால் நான் வாங்கிய பழிக்கு வட்டியும் முதலுமாகக் கட்டியது என் பிள்ளையின் உடம்பு. இதை எந்த அலுவலகத்தில் புகார் கொடுப்பது?

"இனிமே யாருன்னு கேக்கமாட்டேன்" என்று சிட்டுவிடம் சொன்னேன்.

"பாக்கலாம்" என்றாள்.

நவம்பர் 21, வியாழன்

பள்ளி விட்டு வந்தவள் பையைக்கூட இறக்காமல் சமையலறை வாசலில் நின்றாள். "முன்னூத்திப் பன்னெண்டு" என்றாள். "மத்தியானம் ஊசி போடல. போட எடுத்தேன். இதெல்லாம் எங்க முன்னாடி பண்ணாத, பாக்கவே அருவருப்பா இருக்குன்னு ஒருத்தங்க சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. உள்ள வெச்சுட்டேன்."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அருவருப்பா. என் பிள்ளையப் பாத்தா. எந்த வாய் அது, அந்த வாய— கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அடுப்பை அணைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டேன். "சரி, வா. எத்தனை யூனிட்டுன்னு நீயே சொல்லு" என்றேன். சரியாகச் சொன்னாள். ஊசியைப் போட்டுக்கொண்டு என்மேல் சாய்ந்து உட்கார்ந்தாள். கண்ணாடியின் அம்மா இப்போது பேச விடுகிறாராம், கணக்கில் இவளுக்கு ஐந்து மதிப்பெண் குறைந்துவிட்டதாம். என்னென்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த ஒருத்தர் யாரென்று எனக்குத் தெரியாது.