ஈரம் தட்டுது

இல்லை அப்பா, சிவப்புச் சாய நீரை இன்னும் உள்ளே விடவில்லை. ஊசி மேசையில் தயாராக இருக்கிறது. அதற்குள் ஜன்னல் வழியாக அந்த வாசனை வந்துவிட்டது. நனைந்த கல் மாவு. ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அடுத்த மனையில் காலையிலிருந்து போர்வெல் போடுகிறார்கள்.

உங்கள் சட்டையின் வாசனை.

போர் துளைக்கும் ரிக் வண்டியோடு நீங்கள் வடக்கே போனால் திரும்ப மாதங்கள் ஆகும். ஒரே ஒரு முறை பக்கத்தில், மல்லசமுத்திரத்தில் போட்டீர்கள். நானும் வந்திருந்தேன். கல் மாவு ஈரமாக வந்ததும் "தண்ணி வந்துருச்சுங்க!" என்று கத்தினீர்கள். தோட்டக்காரர் தேங்காய் உடைத்தார். பாறை இடுக்கில் தேங்கியிருந்த வெறும் கசிவு அது. ஒரு மணி நேரத்தில் மறுபடி காய்ந்த தூள். அவர் தேங்காய் மூடிகளைப் பொறுக்கிக்கொண்டு, "இதுல இருந்த தண்ணிகூட இல்லீங்களே" என்றார்.

அதன்பிறகு, நீர் நிற்காமல் பீறிடும்வரை உங்கள் வாயில் ஒரே சொல்தான். "ஈரந் தட்டுது."

ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னீர்கள். சர்க்கரையில் விரல் கறுத்துப்போன உங்கள் பாதத்தில் மருத்துவர் நாடி தேடிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, ஓட்டம் இருக்குதுங்களா?"

"லேசா இருக்கு."

அவர் போனதும் என் பக்கம் திரும்பினீர்கள். "ஈரந் தட்டுதுங்கறாரு சாமி." சிரித்தீர்கள். போர்வைக்குள் இன்னொரு கால் நடுங்கியது. பார்க்காததுபோல் இருந்தேன்.

கால் போனது. பிறகு நீங்கள்.

அதற்கு முந்தைய வருடம்தான் என் ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தீர்கள். படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "நா இருக்கறப்பவே இன்னொருத்தனச் செய்யறயா சாமி?" என்று கேட்டீர்கள். அந்த ரத்தத்தின் செல்களைப் பின்னோக்கித் திருப்பி ஸ்டெம் செல்களாக்கினோம். எதுவாகவும் ஆகக்கூடியவை. அவற்றை ரத்தக்குழாய்ச் செல்களாக மாற்றி சிறு கிண்ணங்களில் ஜெல் ஊற்றி விதைத்தேன். ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் திசு கொஞ்சம் தடித்தாலும் நடுப்பகுதி செத்துவிடும். உள்ளே ரத்தம் போக வழியில்லை. அந்த வழிக்காகத்தான் இத்தனையும்.

இப்போது நுண்ணோக்கியின் கீழ் கிளை கிளையாகப் பின்னிக் கிடக்கிறது. என் வழிகாட்டி மேடம் படத்தைப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கே! ரத்தக்குழாய்னே பேர் போட்டு நாளைக்கு ஜர்னலுக்கு அனுப்பிடு" என்றார்.

குழாயா, வெறும் கோடா? உள்ளே துளை உண்டா? நீர் ஓடினால்தான் தெரியும்.

பயமாக இருக்கிறது அப்பா. அடைப்பு உங்கள் செல்லிலேயே எழுதியிருந்தால்? பாதி நீங்கள்தானே நான். நேற்றிலிருந்து கால்விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். சில்லென்று இருக்கின்றன. ஏ.சி.யாக இருக்கலாம். ஒரு கிண்ணம் எதையும் தீர்மானித்துவிடாது என்பது தெரியும். தெரிந்தும்.

ஊசியை அழுத்தினேன்.

சிவப்பு முதல் கிளையில் ஏறியது. இரண்டாவதில். மூன்றாவது பிரிவில் நின்றது. காத்திருந்தேன். அசையவில்லை.

மேடத்துக்குப் போன் செய்தேன். "படம் அனுப்ப வேண்டாங்க மேடம். குழாய்னு சொல்ல முடியாது. ஈரந்தான் தட்டுதுங்க."

"என்னது தட்டுது?"

அந்தத் தேங்காய்க் கதையைச் சொன்னேன். பிறகு அடுத்த கிண்ணத்தை எடுத்து வைத்தேன்.