ஓம் என்று ஆடிய தலை

11 பெப்ரவரி 1986
புரொண்பிப் புறநகரை விட்டு வந்தாயிற்று. ஒரு பை, ஒரு போர்வை, அவ்வளவுதான். இரத்தினசிங்கம் அண்ணையின் வீட்டில் நிலத்தில் படுத்ததுகூடப் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், "தம்பி நிக்கலஸ், இயக்கக் கூட்டத்துக்கு வாறீர்தானே?" என்று தொடங்கிவிடுவார். நானும் ஓம் என்று தலையை ஆட்டிவிட்டு, வயிற்றுக்குத்து என்று போர்த்துக்கொண்டு படுத்துவிடுவேன். இல்லை என்று சொல்ல எனக்கு வராது. மன்னாரில் இயக்கப் பொடியள் சேரச்சொல்லி வந்து கேட்டபோதும் தலையை ஆட்டிவிட்டுத்தான் ஓடி வந்தேன்.

இந்த இடத்தைக் காட்டியவள் பிர்கித். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற சலவைச்சாலையில் என்னோடு வேலை செய்கிறவள். பச்சைத் தலைமயிர், காதில் தோட்டுக்குப் பதிலாக ஊக்கு. கோப்பன்ஹேகன் நோரபுரோவில் ஒரு பழைய சவர்க்காரத் தொழிற்சாலை. நாலைந்து வருடத்துக்கு முன் பூட்டை உடைத்துக் குடியேறினார்களாம். வாடகை இல்லை. வாசலில் கறுப்புக்கொடி பறந்தது. "ஆர் செத்தது?" என்று கேட்டேன். அவளுக்கு விளங்கவில்லை. அதுதான் அவர்களுடைய கொடியாம்.

16 பெப்ரவரி
கீழே நிலவறையில் பாட்டுக்காரர் பழகுகிறார்கள். பாட்டா அது! தகரத்தைத் தார் ரோட்டில் இழுத்துக்கொண்டு ஓடுகிற சத்தம். ஆனாலும் நல்ல நித்திரை வந்தது. எந்த இயக்கம் என்று ஒருவரும் கேட்காத வீட்டில் நித்திரை வரும்போல.

2 மார்ச்
ஞாயிறென்றால் இங்கேயும் கூட்டம்தான். எனக்கு வாய்த்தது அப்படி.

இப்படி வெறும் வீடு பிடித்துக் குடியிருப்பவர்களுக்கு 'பேசெட்' என்று பெயர். பொருத்தமான பெயர்தான். பேசு, பேசு, பேசிக்கொண்டே இரு. கோப்பை கழுவுவது யார் என்பதற்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போயிற்று. வாக்கெடுப்பு இல்லை. எல்லோரும் 'யா', அதாவது ஓம், சொல்ல வேண்டும். ஒரே ஒருவர் 'நை', இல்லை, என்றாலும் முடிவு கிடையாது.

தங்களையும் இயக்கம் என்றுதான் பிர்கித் சொல்கிறாள். "தலைவர் ஆர்?" என்றேன். இல்லையாம். "அப்ப விட்டிட்டுப் போறவனை என்ன செய்வியள்?"

"என்ன செய்யிறது? வாசல்ல நிண்டு கை காட்டுவம்" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. வந்தால் வரட்டும்.

13 ஏப்ரல்
எல்லோரும் களைத்துப்போய்த்தான் இருக்கிறார்கள், நான் மட்டுமில்லை. இதற்கு முன் இவர்களுக்கு வேறு வீடுகள் இருந்தனவாம். ஒவ்வொன்றிலும் பொலிஸ் வந்து இழுத்து வெளியே போட, பின்னாலேயே இடிக்கிற இயந்திரமும் வந்ததாம். இந்த வீட்டில் இருக்கிற யென்ஸ் இரண்டு தரம் பிடிபட்டு மறியலில் அடைபட்டு வந்தவன். என் வயதுதான் இருக்கும், கிழவனைப்போல இருமுகிறான். இன்று இருவருமாகப் பருப்புக் காய்ச்சினோம். ஒரு சொல்லும் பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

4 மே
ஊரில் இயக்கமே இயக்கத்தைச் சுடுகிறதாம்.

18 மே
நகரசபை வழிக்கு வந்திருக்கிறது. வாடகை ஒப்பந்தத்துக்குச் சம்மதித்தால் வீட்டிலேயே இருக்கலாமாம். மாத முடிவுக்குள் பதில் வேண்டும். இல்லாவிட்டால் பொலிஸ்.

"வாடகை கட்டினா நாங்கள் ஆர்?" என்று யென்ஸ் கத்தினான்.

"கூரைக்குக் கீழ இருக்கிற ஆக்கள்" என்றாள் பிர்கித்.

கட்டித் தொலையுங்கோவன்! இதைவிட்டால் நான் எங்கே போவது? திரும்ப இரத்தினசிங்கத்தாரிடமா?

25 மே
விடிய எழும்பி வேலைக்குப் போய்வந்த உடம்பு. கூட்டத்தில் பாதி காதில் விழவில்லை. கடைசியில் யென்ஸ்கூடத் தோளைக் குலுக்கி "யா" என்றுவிட்டான். வட்டமாக ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். கடைசி ஆள் நான். வாயைத் திறக்கக்கூடப் பஞ்சியாக இருந்தது. மனசார ஓம் என்று, தலையை இரண்டு பக்கமும் நன்றாக ஆட்டினேன்.

யென்ஸ் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தான். சிலர் கைதட்டினார்கள். பிர்கித் எழும்பி வெளியே போனாள். வீடு தப்பிய சந்தோஷமாக்கும். படுக்கப் போகிறேன்.

27 மே
வாசலுக்கு மேலே படுக்கை விரிப்பு ஒன்று தொங்குகிறது. சிவப்பு மையில், ஆள் உயர எழுத்தில், 'நை'. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சலவைச்சாலையில் பிர்கித் முகம் கொடுக்கவில்லை. துணி மடிக்கும்போது நானே போய்க் கேட்டேன்.

"நீதானே நை சொன்னனி!" என்றாள்.

"நானோ? எப்ப?"

விரிப்பைக் கீழே போட்டுவிட்டு, என்னைப்போலவே தலையை ஆட்டிக் காட்டினாள். இரண்டு பக்கமும்.

ஐயோ, என்ர ஆண்டவரே.

"அது ஓம்!" என்றேன். "எங்கட ஆக்களுக்கு அதுதான் ஓம்!"

அழுக்குத் துணிக் குவியலில் குந்திவிட்டாள். சிரித்தாள், சிரித்தாள், பிறகு அது சிரிப்பாக இல்லை.

ஓம் சொல்லக்கூடாத இடத்தில எல்லாம் இந்தத் தலை ஓம் எண்டு ஆடினது. ஒரேயொரு தரம் உண்மையா ஓம் எண்டன் — அது இல்லை எண்டு போச்சு. என்ன தலையடா இது?

28 மே
திரும்பக் கூட்டம். எழுந்து நின்று "யா" என்று கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள், ஒருவரும் கோபிக்கவில்லை. சரி, முடிந்தது என்று இருந்தால், யென்ஸ் கையை உயர்த்தினான்.

"உன்ர நை பிழையா விளங்கினதா இருக்கட்டும். ஆனா அதைக் கேட்டபிறகுதான் என்ர யா பொய் எண்டு தெரிஞ்சுது. இப்ப நான் சொல்லுறன், நை."

ஒருவரும் அவனை அதட்டவில்லை. பிர்கித்கூட. அதுதானே இங்கத்தைய முறை. எனக்கு மட்டும் அவனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

1 யூன்
தவணை முடிந்தது. பதில் போகவில்லை.

9 யூன்
வேலையால் வர, பிர்கித் என் பையைக் கட்டி வைத்திருந்தாள்.

"நாளைக்கு பொலிஸ் வருமாம். எங்களைப் பிடிச்சா மறியல், பிறகு விட்டிடுவாங்கள். உன்னைப் பிடிச்சா உன்ர விசா என்னாகும்? வெளிக்கிடு."

"விட்டிட்டு ஓடிறன் எண்டு நினைப்பினமே?"

"என்ன செய்வம் எண்டு அண்டைக்கே சொன்னனான்தானே."

வாசலில் எல்லோரும் வந்து நின்றார்கள், அந்த 'நை'க்குக் கீழே. கை காட்டினார்கள். யென்ஸ் இரண்டு கையாலும். என்னால் திரும்பிப் பார்க்காமல் நடக்க முடியவில்லை.

12 யூன்
வீட்டை இடித்துவிட்டார்கள். பிர்கித் தொலைபேசியில் சொன்னாள். யென்ஸ் இன்னும் மறியலில்.

12 ஒக்டோபர், ஹேர்னிங்
கோப்பன்ஹேகனை விட்டு வந்தபிறகு இங்கே துணி ஆலை வேலை பழகிவிட்டது. மேற்பார்வையாளர் எதைக் கேட்டாலும் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு வாயால் "யா" என்கிறேன். கூட வேலை செய்கிறவர்கள் என்னைத் திமிர் பிடித்தவன் என்று நினைக்கிறார்களோ தெரியாது.

இன்று பின்னேரம் இரத்தினசிங்கம் அண்ணை காரில் வந்திறங்கினார். ஹேர்னிங்கிலும் இயக்கக் கிளை தொடங்கப் போகிறார்களாம். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

"உம்மைத்தான் இங்க பொறுப்பாப் போடப்போறம். நிப்பீர்தானே?"

தலை தன்பாட்டில் ஆட வெளிக்கிட்டது. கையால் தாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன, பல்லுக்குத்தோ?"

"இல்லை."

"அப்ப நிப்பீர்."

"இல்லை, அண்ணை. நான் வரமாட்டன்."

அவர் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஆடவில்லை. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்.

வாசல்வரை போய்க் கை காட்டினேன்.