ஆண்டவருக்குப் போட்ட நாற்காலி

ஜூன் 3

அன்புள்ள அக்கா,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் கடிதம். உன் கண் டாக்டர் என்னிடம் பேசினார். கண்ணில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறதாம், போன பார்வை திரும்பாதாம். ஆபரேஷனுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன். கடன் வாங்கக்கூடாது என்று ஆரம்பிக்காதே, இது கடன் இல்லை. தங்கை கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

உன் தங்கை

ஜூன் 14

கர்த்தருக்குள் அன்பான புரொபசரம்மாவுக்கு,

பணம் வந்தது. முதலில் பத்தில் ஒன்றைச் சபைக்குக் கொடுத்துவிட்டேன், பல்லைக் கடிக்காதே. மீதியை மேசையில் வைத்து, அப்பா இருந்தபோது செய்வது போல எதிரே ஆண்டவருக்கு ஒரு நாற்காலி போட்டு, "ஆண்டவரே, இது உம்முடைய பணம், என் கண்ணுக்குச் செலவழிக்கட்டுமா?" என்று கேட்டேன். பதில் இல்லை. பதில் வராவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம், நம் வீட்டில் உனக்குத் தெரியாததா? தினமும் கேட்கிறேன்.

ஒரு விஷயம். படுக்கப் போகும்முன் நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிடுகிறேன். காலையில் அது வெளியே இழுத்துப் போட்டிருக்கிறது.

அக்கா

ஜூன் 22

அக்கா,

நீயே இழுத்துப் போட்டுவிட்டு மறந்திருப்பாய். அந்த நாற்காலியிடம் கேட்டுத்தான் அப்பா என் காலேஜ் சுற்றுலாவுக்குக் காசில்லை என்றார். அவருடைய சட்டைகளுக்கு மட்டும் எப்படியோ அனுமதி கிடைத்தது. பதில் இல்லை என்றால் அங்கே ஆள் இல்லை என்று அர்த்தம். பணம் என்னுடையது. நான் சொல்கிறேன், செலவழி.

உன் தங்கை

ஜூலை 5

அன்பான தங்கைக்கு,

நேற்று சாயங்காலம் பதில் வந்தது. அப்பாவின் குரல் இல்லை, நான் கேட்ட எந்தக் குரலும் இல்லை. மெதுவாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல. "இது அவளுக்கு வேணும். இடது பக்கம். சீக்கிரம் பாக்கச் சொல்லு." எனக்கு ஒன்றும் புரியவில்லை. பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

மாடிவீட்டுத் தையல்காரம்மா இறங்கி வந்து, "யாருக்கா விருந்தாளி? ஆம்பளக் குரல் கேட்டுச்சே" என்றாள். நான் என்ன சொல்வேன்?

அக்கா

ஜூலை 12

அக்கா,

யார் சொன்னார்கள் உனக்கு? இடது மார்பில் கட்டி இருப்பதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. குளிக்கும்போது கையில் பட்டது. ஒன்றும் இருக்காது என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். நாளை டாக்டரிடம் போகிறேன்.

தயவுசெய்து யார் என்று எழுது.

உன் தங்கை

ஆகஸ்ட் 20

அன்பான தங்கைக்கு,

நான் சொல்லச் சொல்லத் தையல்காரம்மா எழுதுகிறாள். உன் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கேட்டு அழுதேன். எனக்கு ஒரு கண் அணைந்துவிட்டது. இன்னொன்றில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம். அதற்காகவும் கேட்டுப் பார்க்கிறேன், பதில் இல்லை. வருத்தப்படாதே. சாயங்காலத்தில் எனக்குத் துணை இருக்கிறது.

அக்கா

(எழுதுறவ சொல்றேன்மா. ஆஸ்பத்திரின்னாலே காதப் பொத்திக்கிறாங்க. நீங்க வந்தாத்தான் ஆகும். எனக்கு அந்த ரூமுக்குள்ள போகவே பயமா இருக்கு.)

செப்டம்பர் 1

அன்புள்ள அக்கா,

தையல் பிரித்தாயிற்று. "நல்ல நேரத்துல வந்தீங்க, யார் சொல்லி வந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். அக்கா என்றேன். வேறென்ன சொல்ல?

இன்று சம்பளத்தை பாங்கிலிருந்து எடுத்து வந்து மேசையில் வைத்தேன். எதிரே ஒரு நாற்காலியும் போட்டேன், சிரிக்காதே. "அக்கா கண்ணுக்கு இதைச் செலவழிக்கலாமா?" என்று வாய்விட்டுக் கேட்டேன். ஜன்னலில் வெளிச்சம் போகும்வரை உட்கார்ந்திருந்தேன். பதில் இல்லை.

நம் வீட்டு வழக்கப்படி வேண்டாம் என்றுதான் அர்த்தம். இருக்கட்டும். என்னைக் காப்பாற்றியது யாரானாலும் இந்த விஷயத்தில் நான் கீழ்ப்படியப் போவதில்லை. உன் டாக்டரிடம் தேதி வாங்கிவிட்டேன். சனிக்கிழமை காலை வருகிறேன். மாற்றுத் துணி எடுத்து வைத்துத் தயாராக இரு. வரமாட்டேன் என்றால் தூக்கிக்கொண்டுதான் போவேன்.

பணத்தை எடுத்துக்கொண்டு அலமாரிப் பக்கம் திரும்பினேன். என் முதுகுக்குப் பின்னால் நாற்காலி தரையில் உரசி நகர்ந்தது, எதிரே இருந்தவர் எழுந்துகொண்டது போல. இந்த வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன், உனக்கே தெரியும்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பணத்தைப் பையில் வைத்துப் பூட்டினேன்.

உன் தங்கை