பள்ளத்துக் கேழ்வரகு

14 நவம்பர் 1943, செமிலிங், மலாயா
ரப்பர் பால் வெட்டு இல்லை. பள்ளிக்கூடமும் இல்லை. ஆகவே வாத்தியாராகிய நானும் விவசாயி. தோட்டத்தில் ரப்பர் மரம் அழித்த இடத்தை ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்துக் கேழ்வரகு போடச் சொல்லியிருக்கிறார்கள் ஜப்பான்காரர்கள். விளைய வைக்காதவன் சயாம் ரயில்பாதைக்குப் போகவேண்டும் என்று தோட்டக் கணக்கு எழுதும் கிராணி பரஞ்சோதி ஒரு தடவைதான் சொன்னார். சித்திரையில் போனவர்கள் ஒருவரும் திரும்பாததால் மறுதடவை தேவைப்படவில்லை. எங்கள் கெடா மாநிலத்தையே சயாமுக்குக் கொடுத்தாகிவிட்டது. அப்படியும் அங்கே ஆள் போதவில்லை.

கெஞ்சிக் கூத்தாடி ஓடையோரப் பள்ளத்தை வாங்கிக்கொண்டேன். அப்பா இராமநாதபுரத்தில் தண்ணீருக்காகப் பங்காளியோடு அடித்துக்கொண்டவர். அதே ரத்தம். பக்கத்து வீட்டு இருளப்பனுக்கு மேடு விழுந்தது. அவனுக்காக வருத்தப்பட்டேன், வெளியில் மட்டும்.

26 நவம்பர்
முளைத்துவிட்டது. மழை.

9 டிசம்பர்
மழை. இருளப்பன் பயிர் பச்சை. என்னுடையது மஞ்சள்.

"வாத்தியாரே, கல்யாணத்துக்கு மஞ்சள் பூசி வச்சிருக்கீங்களா?" என்றான். என் மனைவி குணவதி சிரித்தாள். நான் சொன்ன எதற்கும் அவள் சிரித்து ரொம்ப நாளாகிறது.

11 டிசம்பர்
ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் கறுத்து நாறுகிறது. தண்ணீரில்லாமல் செத்த பயிரைத்தான் எங்கள் வம்சம் பார்த்திருக்கிறது. தண்ணீரால் சாவதை நான்தான் முதலில் பார்க்கிறேன். பயமாயிருக்கிறது. சயாமுக்கா? நானா?

மண்வெட்டி இரவல் வாங்கினேன்.

22 டிசம்பர்
பள்ளத்தின் நடுவிலும் சுற்றிலும் வாய்க்கால் வெட்டி முடித்தாயிற்று. கையெல்லாம் கொப்புளம். குணவதி திட்டிக்கொண்டே மண் சுமந்தாள். தண்ணீர் ஓடைக்கு இறங்குகிறது.

4 ஜனவரி 1944
பச்சை திரும்பிவிட்டது. இருளப்பன் வந்து வாய்க்காலை எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

30 ஜனவரி
பொங்கலுக்குப் பிறகு ஒரு துளி இல்லை. கதிர் விடும் நேரம். மேட்டில் மண் வெடித்துக் கதிர் சூம்பி நிற்கிறது. நான் வாய்க்கால் வாயை அடைத்துவிட்டேன். பள்ளத்தில் கொஞ்சம் கிளறினாலே ஈரம்.

இருளப்பன் ஓடையிலிருந்து தகரத்தில் தண்ணீர் தூக்குகிறான். நானும் தூக்கினேன். மேடு குடித்துக்கொண்டே இருக்கிறது.

5 மார்ச்
அறுவடை. எனக்கு நிறைந்த கதிர். இருளப்பனுக்குப் பதர். அவன் பெண்சாதி காளியம்மா அதையும் புடைத்து வைத்தாள். தப்பித்தேன் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. பிறகுதான் அவன் முகம்.

8 மார்ச்
ஜப்பான்காரன் வந்தான். என் கதிரைப் பார்க்கவில்லை. வாய்க்காலோரமாகக் கடைசிவரை நடந்தான். யார் வெட்டியது என்று கேட்டான். பரஞ்சோதி பெருமையோடு என்னைக் காட்டினார். எனக்கு நல்லது செய்வதாகவே நினைத்திருப்பார். சயாமில் பாதையை மழை கரைக்கிறதாம். வடிகால் வெட்டத் தெரிந்தவன் வேண்டுமாம்.

ஆக, விளையாதவனும் போகிறான், விளைந்தவனும் போகிறான். இருளப்பனுக்கும் எனக்கும் ஒரே லாரி.

10 மார்ச்
நாளைக் காலை லாரி. காளியம்மா அழுதாள். குணவதி அழவில்லை. என்னைப் பள்ளத்துக்குக் கூட்டிப்போனாள்.

"அடுத்த வெதைப்புக்கு நாங்க ரெண்டு பொம்பளதான். தண்ணிய எப்பத் தொறக்கணும், எப்ப அடைக்கணும்? சொல்லிட்டுப் போங்க."

ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்தச் சொன்னேன். விரலிடுக்கில் நீர் கசிந்தால் திற. கையை விரித்ததும் உதிர்ந்தால் அடை. அழுத்தினாள். சரியாக அழுத்துகிறாளா என்று பார்க்கும் சாக்கில் அந்தக் கையை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். அவளும் இழுத்துக்கொள்ளவில்லை.